போர்முனையில் ஒரு கமரா: மார்கரட் பேர்க்-வைட்டின் வாழ்க்கை

பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரட் கமரன் என்பது அவர் பெயர். வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று நாம் படிக்கிறோமே, அந்தக் கமரனின் மனைவி இவர். நாற்பத்தெட்டாவது வயதில்தான் முதன்முதலாக ஒரு கமராவைக் கையில் எடுத்தார். அப்படியிருந்தும் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் அவரை மதிக்கிறது. 1875இல் இலங்கைக்கு வந்த அவர், இங்கு உழைத்து வாழ்ந்த எளிய மக்களையும் படம் பிடித்தார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். அவர் எடுத்த இலங்கைப் படங்கள் இன்று வெளிநாட்டு நூதனசாலைகளில் உள்ளன. படத்தில் இருப்பவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எடுத்தவரின் பெயர் நிலைக்கிறது. எடுக்கப்பட்டவரின் பெயர் மறைந்து போகிறது. படம் எடுப்பவருக்கும் படத்தில் நிற்பவருக்கும் இடையிலுள்ள கணக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது? அமைதியான காலத்திலேயே இக்கேள்வி கடினமானது. குண்டு விழும் ஊரிலும், வீடிழந்தோர் நடக்கும் வீதியிலும் இது இன்னும் கடினமாகிறது. அத்தகைய இடங்களிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இன்னொரு பெண்ணின் கதையை மாணவிகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் உலகப் போரின் களங்களிலும், இந்தியப் பிரிவினையின் அகதி வழிகளிலும் கமராவோடு நின்ற மார்கரட் பேர்க்-வைட்டின் கதை அது.

இளமையும் இரும்பும்

மார்கரட் 1904 ஜூன் 14ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை ஜோசப் வைட் அச்சு இயந்திரங்களை வடிவமைத்த பொறியியலாளர். தாய் மின்னி பேர்க். பிள்ளைகள் எதற்கும் அஞ்சாமல் வளரவேண்டும் என்பதில் இருவரும் கண்டிப்பாக இருந்தார்கள். மார்கரட்டுக்கு எட்டு வயதளவில் தந்தை அவரை ஒரு வார்ப்பாலைக்கு அழைத்துச் சென்றார். உருகிய இரும்பு பொறி பறக்க ஓடுவதை அங்கே கண்ட சிறுமி அந்த ஒளியைப் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் விரும்பிப் படித்தது பாம்பு, பல்லி, ஆமை முதலிய ஊர்வனவற்றைப் பற்றிய விஞ்ஞானம். 1922இல் தந்தை இறந்ததும் குடும்பம் பணக் கஷ்டத்தில் விழுந்தது. படிப்பைத் தொடர்வதற்காக மார்கரட் பல்கலைக்கழகம் மாறி மாறிப் படித்து, இறுதியில் 1927இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இதற்கிடையில் பத்தொன்பது வயதில் செய்துகொண்ட திருமணம் இரண்டு ஆண்டளவில் முறிந்தது. தனித்து நின்ற அவர் தாயின் குடும்பப் பெயரையும் தந்தையின் குடும்பப் பெயரையும் இணைத்துத் தனக்கெனப் பேர்க்-வைட் என்ற பெயரை ஆக்கிக்கொண்டார்.

கிளீவ்லாண்ட் நகரில் இருந்த உருக்காலை ஒன்றைப் படம் எடுக்கவேண்டும் என்பது அவருடைய முதற் பெரிய கனவு. பெண்ணொருத்தி உலையருகே வருவதை ஆலைக்காரர் விரும்பவில்லை. கெஞ்சிக் கேட்டு அனுமதி பெற்ற பிறகும் படம் விழவில்லை. அக்காலப் பிலிம் நீல ஒளியை நன்றாகப் பதிந்தது. உருகிய உருக்கின் செம்மஞ்சள் ஒளியை ஏறக்குறையப் பதியவேயில்லை. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் படத்தில் கறுப்பாக வந்தது. பல இரவுகள் தோற்ற பின்பு, திரைப்படப் பிடிப்பாளர் பயன்படுத்தும் மக்னீசிய வெளிச்சத்தை ஆலைக்குள் எரித்து வெள்ளொளி உண்டாக்கினார். படம் விழுந்தது.

அந்தப் படங்களைக் கண்ட பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ் 1929இல் தன் புதிய சஞ்சிகையான ஃபோர்ச்சூனுக்கு அவரை அழைத்தார். அடுத்த ஆண்டே அவர் சோவியத் நாட்டின் தொழிற்சாலைகளைப் படம் பிடிக்கச் சென்றார். மேல்நாட்டுப் படப்பிடிப்பாளர் எவருக்கும் அதுவரை அங்கே அனுமதி கிடைத்திருக்கவில்லை. 1936 நவம்பர் 23ஆம் திகதி லைஃப் சஞ்சிகையின் முதல் இதழ் வெளிவந்தபோது, அட்டையில் இருந்தது அவர் எடுத்த ஃபோர்ட் பெக் அணைக்கட்டின் படம்.

இயந்திரத்திலிருந்து மனிதருக்கு

அதுவரை அவருடைய படங்களில் மனிதர் சிறியவர், இயந்திரமே பெரியது. அமெரிக்காவின் நடுப்பகுதியை வாட்டிய பெரும் வறட்சி அந்தப் பார்வையை மாற்றியது. காய்ந்த நிலமும், அதை விட்டுப் போகும் உழவரும் அவர் மனதை உலுக்கினார்கள். எழுத்தாளர் எர்ஸ்கின் கால்ட்வெல்லுடன் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குச் சென்று, குத்தகை நிலத்தில் பருத்தி பயிரிட்டுக் கடனிலேயே வாழ்ந்து கடனிலேயே சாகும் ஏழைகளைப் படம் எடுத்தார். 1937இல் அது நூலாக வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

அந்த நூலில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த ஏழையே பேசுவது போல ஒரு வாசகம் அச்சாகியிருந்தது. அவர்கள் அப்படிப் பேசியதில்லை. நூலாசிரியர் இருவரும் தாமே அமைத்த வாசகங்கள் அவை. இதை மறைக்காமல் நூலின் தொடக்கத்திலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றாலும், ஏழையின் முகத்தையும் எடுத்து, அவன் வாயில் தம் சொல்லையும் வைப்பது சரிதானா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

அதே 1937இல் லூயிவில் நகரில் பெருவெள்ளம் வந்தது. நிவாரணம் பெறுவதற்காகக் கறுப்பின மக்கள் வாளியும் கூடையும் கையில் ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மிகப் பெரிய விளம்பரப் பலகை. அதில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று காரில் சிரித்தபடி செல்கிறது. உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் அமெரிக்காவுடையது என்று பலகை பெருமை பேசுகிறது. மார்கரட் அங்கே எந்த வாசகத்தையும் சேர்க்கவேண்டியிருக்கவில்லை. சரியான இடத்தில் நின்று கமராவைத் திருப்பியது மட்டுமே அவர் செய்த வேலை. அந்தப் படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

குண்டுகளின் நடுவே

1941இல் அவர் மீண்டும் மொஸ்கோவுக்குச் சென்றார். ஜூன் மாதத்தில் ஹிட்லரின் படை சோவியத் நாட்டின்மீது பாய்ந்தபோது அங்கிருந்த ஒரே வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் அவர்தான். இரவில் ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசும்போது மற்றவர்கள் நிலவறைக்கு ஓடினார்கள். அவரோ உயரமான இடங்களில் கமராக்களை நிறுத்தி, வானத்தைக் கிழிக்கும் ஒளிக்கோடுகளைக் கிரெம்ளின் கோபுரங்களுக்கு மேலே பதிவு செய்தார்.

1942இல் அமெரிக்க விமானப்படை அவரைத் தன் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராக ஏற்றது. அந்த நிலையைப் பெற்ற முதற் பெண் அவரே. அவருக்கெனத் தனியே சீருடை தைக்கவேண்டியிருந்தது. வட ஆபிரிக்கக் களத்துக்கு விமானத்தில் செல்ல விரும்பினார். பெண்ணுக்கு விமானம் ஆபத்து, கப்பலே பாதுகாப்பு என்று மேலதிகாரிகள் கப்பலில் ஏற்றினார்கள். பாதுகாப்பான அந்தக் கப்பலை அவ்வாண்டு டிசெம்பரில் ஜேர்மன் நீர்மூழ்கி குண்டெறிந்து தாக்கியது. நடுக்கடலில், நிலவொளியில், உயிர்காப்புப் படகில் பல மணிநேரம் தத்தளித்தார். விடிந்ததும் அந்தப் படகிலிருந்தே படம் எடுத்தார். 1943 ஜனவரி 22ஆம் திகதி, தூனிஸ் விமானத் தளத்தைத் தாக்கச் சென்ற குண்டுவீச்சு விமானத்தில் பறந்தார். தாக்குதல் விமானத்தில் சென்ற முதற் பெண் படப்பிடிப்பாளர் என்ற பெயரும் அவருக்கு வந்தது.

இத்தாலியில் சேற்றிலும் பனியிலும் காலாட்படையோடு நடந்தார். கள மருத்துவமனைகளில் காயப்பட்டவர்களையும், ஓயாமல் உழைத்த தாதியரையும் படம் எடுத்தார்.

1945 ஏப்ரலில், தளபதி பாட்டனின் படையுடன் ஜேர்மனியின் புக்கன்வால்ட் வதைமுகாமுக்குள் சென்றார். ஏறத்தாழ 56,000 பேர் உயிரிழந்த இடம் அது. கோடிட்ட சிறை உடையில், முள்வேலிக்கு அப்பால் அசையாமல் நின்று தன்னை நோக்கிய மனிதர்களை அவர் எடுத்த படம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. பிணக் குவியல்களின் முன்னே தான் எப்படி நின்றார் என்பதை அவர் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். தனக்கும் கண்ணெதிரே இருந்த கொடுமைக்கும் நடுவில் கமரா ஒரு திரைபோல இருந்தது என்றும், படங்களைக் கழுவிப் பார்த்தபோதுதான் தான் எங்கே நின்றோம் என்பது உறைத்தது என்றும் அவர் எண்ணினார். அவருடைய தந்தை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை இறந்த பின்பே தாய் அதை மகளுக்குச் சொன்னார். அதை அவர் பொதுவில் பேசிக்கொண்டதில்லை. அந்த முள்வேலியின் முன்னே அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை நாம் ஊகிக்க மட்டுமே முடியும்.

இராட்டையும் மூன்று பல்புகளும்

போர் முடிந்ததும் லைஃப் சஞ்சிகை அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1946இல் காந்தியடிகளைப் படம் எடுக்கச் சென்றபோது, அடிகளின் உதவியாளர் ஒருவர் நிபந்தனை விதித்தார். இராட்டை சுற்றும் ஒருவரைப் படம் எடுக்க விரும்பினால், முதலில் இராட்டை சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். அவசரத்தில் வந்த மார்கரட் உட்கார்ந்து நூற்றுப் பார்த்தார். நூல் அறுந்து அறுந்து போயிற்று. அன்று அடிகளின் மௌன நாள். எனவே பேசவும் முடியாது. மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டும் அனுமதி. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவதில் கிடைத்ததுதான் இராட்டைக்கு அப்பால் காந்தியடிகள் அமர்ந்து காகிதம் படிக்கும், உலகம் முழுதும் தெரிந்த அந்தப் படம். எடுக்கப்போகிறவரின் வாழ்க்கையைக் கொஞ்சமாவது அறிந்துகொண்டு கமராவைத் திற என்பதே அந்த நிபந்தனையின் பொருள். படப்பிடிப்பாளர் எவருக்கும் இதைவிடச் சிறந்த பாடம் அமைவது அரிது.

அவ்வாண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி கல்கத்தாவில் கலவரம் மூண்டது. சில நாள்களுக்குள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம்களும் இறந்தார்கள், இந்துக்களும் இறந்தார்கள். மார்கரட் போய்ச் சேர்ந்தபோது வீதிகளில் பிணங்கள் கிடந்தன. கூரை விளிம்புகளில் கழுகுகள் காத்திருந்தன. அவர் எடுத்த படங்களில் எந்த உடல் எந்தச் சமயத்தவருடையது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறு ஆண்டு நாடு இரண்டாகியது. 1947 ஓகஸ்ட் 17ஆம் திகதி எல்லைக்கோடு அறிவிக்கப்பட்டதும் பஞ்சாப் கலங்கியது. முஸ்லிம்கள் மேற்கே பாகிஸ்தானை நோக்கியும், இந்துக்களும் சீக்கியரும் கிழக்கே இந்தியாவை நோக்கியும் புறப்பட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். இறந்தோர் தொகையை இரண்டு இலட்சம் என்போரும் உளர்; பத்து இலட்சத்துக்கு மேல் என்போரும் உளர். மாட்டு வண்டிகள் மைல் கணக்கில் நீண்ட வரிசைகளுடன் மார்கரட்டும் ஜீப்பில் சென்றார். கணவனின் தோளில் அமர்ந்து செல்லும் சோர்ந்துபோன மனைவி, வழியோரத்தில் அப்படியே கிடந்துவிட்ட கிழவர், பிறந்த குழந்தையைச் சுமந்த தாய் என அவர் எடுத்த படங்கள் அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதிய லைஃப் இதழில் வெளிவந்தன.

அவற்றுள் ஒன்றை மறக்க முடியாது. டில்லியில் புராணா கிலா என்ற பழைய கோட்டை, பாகிஸ்தான் செல்லக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களின் அகதி முகாமாக இருந்தது. கோட்டைச் சுவரின்மேல் ஒரு சிறுவன் குந்தியிருக்கிறான். கையால் தலையைத் தாங்கியிருக்கிறான். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூடாரங்கள். அவன் யாருடைய பிள்ளை, எந்தத் தெருவில் விளையாடியவன், பிறகு எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைப் படம் சொல்வதில்லை.

நம் நாட்டவருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களைக் குண்டு எதுவும் வெடிக்காமலே நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. ஹட்டனிலும் நானுஓயாவிலும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதங்களைக் கட்டிப்பிடித்து அழுதவர்களை நம் பாட்டிமார் இன்றும் நினைவு கூர்வர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடையுடன் நடந்தபோது, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்களும் பின்னால் தங்கிவிட்டன. பஞ்சாப்பின் அந்த வரிசைகளில் நடப்பவர்களை நாம் அறிவோம் என்று தோன்றுவது இதனால்தான்.

நெருங்குவதற்கும் ஓர் எல்லை

மார்கரட்டின் வாழ்க்கையைப் புகழ்ச்சியால் மட்டும் நிரப்புவது நேர்மையாகாது. பஞ்சாப்பில் அவருடன் பயணித்த செய்தியாளர் லீ ஐட்டிங்கன் பிற்காலத்தில் ஒரு சம்பவத்தை நினைவுகூர்ந்தார். படம் தான் நினைத்தபடி அமையவில்லை என்பதால், களைத்து நடந்துவந்த அகதிகளைத் திரும்பிப் போய் மறுபடி நடந்துவரும்படி மார்கரட் பல தடவை பணித்தாராம். மறுக்கும் துணிவு அவர்களுக்கு இருக்கவில்லை. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள், ஒரு நல்ல படத்துக்காகத் தம் கடைசி வலுவையும் கொடுக்கவேண்டியதாயிற்று. அந்தப் படங்கள் உலகின் மனச்சாட்சியைத் தொட்டன என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளும் அருகருகே இருக்கின்றன. ஒன்று மற்றதை அழிப்பதில்லை.

1948 ஜனவரி 30ஆம் திகதி அவர் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். சில மணிநேரத்துக்குள் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி கேட்டு மார்கரட் பிர்லா மாளிகைக்கு விரைந்தார். உடலைச் சுற்றி உறவினரும் அன்பரும் அழுதுகொண்டிருந்த அறையில் அவருடைய பிளாஷ் வெளிச்சம் பளிச்சிட்டது. கூடியிருந்தவர்கள் கொதித்தார்கள். அவர் வெளியேற்றப்பட்டார், பிலிமும் பறிபோயிற்று. பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்த்தியே-பிரெசோனும் அந்நாளில் டில்லியில் இருந்தார். அவர் பிளாஷ் பயன்படுத்துவதில்லை. சிறிய கமராவுடன் இருந்த வெளிச்சத்திலேயே கூட்டத்தோடு கூட்டமாக நின்று அந்தத் துக்க நாள்களைப் பதிவு செய்தார். அந்தப் படங்களும் உலகப் புகழ் பெற்றவை. உருக்காலையில் மார்கரட்டுக்குக் கைகொடுத்த அதே வெளிச்சம், துக்க வீட்டில் அவரைக் கைவிட்டது.

இலக்கம் 1139, இலக்கம் 5122

1949ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தென்னாபிரிக்காவுக்குச் சென்றார். வெள்ளையரின் இனஒதுக்கல் ஆட்சி அங்கே சட்டமாகிக்கொண்டிருந்த காலம் அது. ஜொஹானஸ்பேர்க்கில் நாட்டியம் ஆடிக்கொண்டிருந்த சுரங்கத் தொழிலாளர் இருவரை அவர் கவனித்தார். அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். நிலத்தின் கீழ் மிக ஆழத்தில் இருந்த தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அங்கிருந்த வெக்கையில் சற்று நேரத்திலேயே அவருக்குத் தலை சுற்றியது. அந்த இருவருமோ அங்கேயே நாள்தோறும் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். வியர்வை முத்து முத்தாக வழியும் அவர்களுடைய முகங்களை எடுத்தார். பெயரைக் கேட்டபோது, சுரங்கத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே உண்டு என்று தெரியவந்தது. ஒருவர் 1139, மற்றவர் 5122. தான் எடுத்த படங்களுள் மிகவும் பிடித்தவற்றுள் ஒன்றாக அவர் இதை மதித்தார். இலக்கங்களையும் படத்துடனேயே வெளியிட்டார்.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் ஆளை அடையாளம் காட்டியதும் செக்ரோல் இலக்கந்தான். மார்கரட் அந்த இருவருக்கும் பெயரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க அவரால் முடியவுமில்லை. ஆனால் பெயர் பறிக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகுக்குக் காட்டினார். பருத்தித் தோட்டத்து ஏழைகளின் வாயில் தன் சொல்லை வைத்த காலத்திலிருந்து அவர் நடந்துவந்த தூரம் இதில் தெரிகிறது.

கமராவின் மறுபக்கம்

1952இல் கொரியப் போர்க்களத்துக்குச் சென்றார். அங்கே படைகளின் மோதலைவிட, ஒரே குடும்பத்துக்குள் போர் உண்டாக்கிய பிளவையே தேடினார். கெரில்லாப் படையில் சேர்ந்து, பின்பு சரணடைந்து, இறந்துவிட்டான் என்று தாய் நம்பியிருந்த இளைஞன் ஒருவன் வீடு திரும்பி அவளை அணைக்கும் தருணத்தை அவர் எடுத்தார். தன் வாழ்நாளின் மிக முக்கியமான படங்களுள் ஒன்றென அதைக் கருதினார். கப்பலும் விமானமும் குண்டும் கண்டவர், ஒரு தாய் மகனைக் கட்டிக்கொண்ட கணத்தைப் பெரிதாக மதித்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

அக்காலத்தில்தான் அவருடைய இடது கையும் காலும் வலுவிழக்கத் தொடங்கின. பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஒரு நொடி அசையாமல் நிற்பதே தொழிலாகக் கொண்டவருக்கு நடுக்க நோய் வந்தது. காகிதத்தைக் கசக்கிக் கசக்கி விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாள்தோறும் பல மைல் நடந்தார். 1959இலும் 1961இலும் மூளையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்.

அந்நாளில் நோய் என்பது மறைக்கவேண்டிய விடயம். அவரும் சில ஆண்டுகள் மறைத்தார். பிறகு தன் சக படப்பிடிப்பாளர் அல்பிரட் ஐசன்ஸ்டாட்டைத் தன் சிகிச்சையைப் படம் எடுக்க அனுமதித்தார். மழித்த தலையும் தளர்ந்த முகமுமாக அவர் நின்ற படங்கள் 1959இல் லைஃப் சஞ்சிகையில் வெளிவந்தன. வாழ்நாள் முழுதும் பிறருடைய வேதனையைப் பார்த்த கண், இப்போது பார்க்கப்படும் இடத்தில் இருந்தது. அவருக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது: சம்மதம் கேட்கப்பட்டது, கதையும் பெயருடன் அச்சாயிற்று. பஞ்சாப்பின் அகதிகளுக்கு இந்த இரண்டும் கிடைக்கவில்லை.

1963இல் தன் சுயசரிதையை வெளியிட்டார். 1971 ஓகஸ்ட் 27ஆம் திகதி, அறுபத்தேழாவது வயதில் காலமானார்.

நம் கையிலுள்ள கமரா

அன்று போர்முனைக்குச் செல்லப் பெட்டி பெட்டியாக உபகரணம் சுமக்கவேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை விழுங்கியபோது, வெளியுலகுக்கு அந்த அவலத்தைக் காட்டியவை படங்களே. படங்கள் இல்லாவிட்டால் தோட்டத்துத் துயரம் தோட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். எனவே படம் எடுக்கக்கூடாது என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் துக்க வீட்டிலும் விபத்து இடத்திலும், அழுகின்ற தாயின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டுவதற்கு முன்னர், மார்கரட்டின் வாழ்க்கை நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. அவர் சம்மதித்தாரா? அவர் பெயர் நமக்குத் தெரியுமா? இந்தப் படம் அவருக்கு உதவுமா, நமக்கு மட்டும் உதவுமா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காவிட்டால் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அந்தத் தாய்க்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பதே மேல்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வீடுகளில் பழைய தகரப் பெட்டிகளுக்குள் பழைய படங்கள் இருக்கின்றன. இந்தியாவுக்குப் போனவர்கள் கடவுச்சீட்டுக்காக எடுத்தவை, பெருநாளன்று நகரத்துப் படக்கடையில் எடுத்தவை, தோட்டத்துத் திருவிழாவில் யாரோ எடுத்துக் கொடுத்தவை. அவற்றில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தோர் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அருகே அமர்த்தி, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும், ஊரையும், ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை நாளடைவில் படத்தின் மறுபக்கத்துக்கு ஊறிவிடும், பென்சில் ஊறாது.